ஆடு மேய்ந்தால் ஆமை பிழைக்கும்

வனவிலங்கு வனத்தில் இருக்கும், வனம் வனத்துறையிடம் இருக்கும், ஆகவே காப்பதும் அவர்கள் பாடு என்று பேசிப் பழகிவிட்டோம். திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளிப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. கிழக்கே சென்னிமலைக் கரட்டை விட்டால் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பெரும்பாலும் பட்டா நிலம்தான். உடும்பு, பச்சோந்தி, மண்ணுளிப் பாம்பு, நட்சத்திர ஆமை என்று வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் ஏறிய உயிர்கள் இங்கே குடியிருப்பது ஏதோ ஒரு சர்வே எண்ணுக்குள், யாரோ ஒருவர் கந்தாயம் கட்டும் பூமியில். அந்தப் பூமியைச் சைட் போட்டு விற்கவோ, தென்னை வைக்கவோ, பனியன் கம்பெனிக்குக் கொட்டகை போடவோ உடையவர் நினைத்தால் தடுக்க ஆளில்லை. உடும்பைப் பிடித்தால் சிறை. உடும்பு குடியிருக்கும் வேலியை வேரோடு பொக்லைன் விட்டுப் பிடுங்கினால் கேட்பாரில்லை.

தனியார் மேய்ச்சல் நிலத்தில் வாழும் ஊர்வனவற்றை எப்படிக் காப்பது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நம்மிடம் யானைக்கும் புலிக்கும் திட்டம் இருக்கிறது, பறவைக்குச் சரணாலயம் இருக்கிறது. வேலியோரம் ஊரும் உயிருக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், கொங்கு நாட்டில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் கொரங்காடு. அரசு அமைத்ததல்ல, ஊர்வனவற்றை நினைத்து யாரும் உண்டாக்கியதும் அல்ல.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், ஊத்துக்குளி, சென்னிமலை என்று விரியும் இந்தப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் பேய்த்தனமாக அடிக்கும். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து முடிந்துவிடும். செம்மண், அடியில் சுக்காங்கல். கிணற்றுப் பாசனம் எட்டாத இந்த மேட்டு நிலத்தில் வெள்ளாமை கட்டுப்படியாகாது என்று கண்ட பழைய ஆட்கள் நிலத்தைப் புல்லுக்கே விட்டார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், ஊடே அங்கங்கே வெள்வேல மரம், நான்கு பக்கமும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொரங்காடு. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வேலி போட்டிருப்பதால் ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடலாம். மேய்க்க ஆள் வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டால் சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வரலாம். புல் கெட்டித்துப்போனால் சில ஆண்டுக்கு ஒருமுறை மழை பார்த்து உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். அடுத்த மழைக்குப் புல் தானாகத் திரும்பிவிடும். வெள்வேலங்காய் கோடையில் தீவனம். தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் நிலத்தில் போட்டுவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேரெடுத்த காங்கேயம் மாடும், மயிலம்பாடி ஆடும் இந்தப் புல்லில் வளர்ந்தவை. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வந்த காலத்தில் அதன் பாலும் பெரும்பாலும் இந்த மேய்ச்சலில் இருந்துதான்.

ஊர்வனவற்றுக்கு இந்த ஏற்பாடு பொருந்திப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் உடம்பு வெயிலை வாங்கிச் சூடேற்றிக்கொள்ளும் உடம்பு. காலையில் காய்வதற்குத் திறந்த தரை வேண்டும், மதியம் ஒதுங்க நிழல் வேண்டும், வல்லூறு வந்தால் புகுந்துகொள்ளப் பொந்து வேண்டும். மூன்றும் நாலு எட்டு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அடர்ந்த காட்டில் முதலாவது கிடைக்காது; உழுத வயலில் மற்ற இரண்டும் கிடைக்காது. ஆடு கடித்து வைத்த குட்டைப் புல், இடையில் கடிபடாமல் நிற்கும் புல்தூறு, ஓரத்தில் வேலி என்று மூன்றும் கொரங்காட்டில் ஒருசேர இருக்கின்றன.

விசிறித்தொண்டை ஓணானைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு விரல் நீள உடம்பு, அதைவிட நீண்ட வால், மண்ணோடு மண்ணான நிறம். மற்ற ஒடக்கான்களைப் போல மரத்தில் தொற்றாமல் தரையிலேயே வாழ்வது. பங்குனி சித்திரையில் ஆண் ஒரு கல்லின் மேலோ மண்கட்டியின் மேலோ ஏறி நின்று, தொண்டைத் தோலைப் படக்கென்று விரித்து விரித்து மடக்கும். அந்த விசிறி தூரத்தில் இருக்கும் பெட்டைக்கும் போட்டி ஆணுக்கும் தெரிய வேண்டுமானால் நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது. நிலத்தைச் சும்மா போட்டுச் சீமைக்கருவேலம் மூடிவிட்டால் அந்த இடத்தை விட்டு இது போய்விடும். இந்த இனக்குழுவைப் பற்றி நம் அறிவு எவ்வளவு புதிது என்பதற்கு ஒரு செய்தி: 2016ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தப் பேரினத்தில் விசிரி, மருதம்நெய்தல் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய இரண்டு இனங்கள் அறிவியலுக்குப் புதிதாக விவரிக்கப்பட்டன. இரண்டும் தமிழ்நாட்டில் காலடியில் ஓடிக்கொண்டிருந்தவை.

கொரங்காட்டைவிடவும் அடர்த்தியாக ஊர்வன வாழும் இடம் ஒன்று உண்டு. இட்டேரி. இரண்டு பக்கத்துக் காட்டு வேலிகளுக்கு நடுவே வண்டி போகவும் மாடு ஓட்டவும் விட்ட தடம். ஐம்பது வயதைத் தாண்டிய கொங்கு ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கிளுவை. அதில் ஏறிக் கிடக்கும் பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி. இடையிடையே காரை, சூரை, சங்கமுள், திருகுகள்ளி. வேலி நட்ட மேடு தலைமுறை தலைமுறையாக மண்ணும் சருகும் சேர்ந்து உயர்ந்து, முழங்கால் உயரத்துக்குப் பொதபொதவென்று இருக்கும். எலி வளை, அதில் சாரை. கரையான் புற்று, அதன் வெறும் பொந்தில் நாகம். கீழே சருகுக்குள் அரணை, மேலே கொம்பில் கொம்பேறிமூக்கனும் பச்சைப் பாம்பும். பச்சோந்தி ஒன்று கிளுவைக் கிளையில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி நகர்வதைப் பார்க்க நேரம் வேண்டும். ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் ஆட்டுக்காரர் ஒரு பீடியை முடித்துவிடுவார். இட்டேரி என்பது காட்டுக்குக் காடு போகும் பாதை. மனிதருக்கு மட்டும் அல்ல. உழுத நிலமும் தென்னந்தோப்பும் குறுக்கே வந்தாலும் வேலியடியாகவே நடந்து ஒரு கொரங்காட்டிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். தார் போட்டு அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்த இரண்டு வேலிகளும்தான். சாலை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்க வேலியையாவது விட்டு மறுபக்கம் அகலப்படுத்தலாம் என்று கேட்பதற்குக்கூட நம்மிடம் ஒரு வழக்கம் உருவாகவில்லை.

இங்குள்ள ஊர்வனவற்றில் உலக அளவில் நெருக்கடியில் இருப்பது நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரியும் அந்த அழகே அதற்கு எமன். வடமேற்கில் குஜராத், ராஜஸ்தான் ஒட்டிய வறண்ட நிலம், தென்கிழக்கில் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு, பிறகு இலங்கை என்று மூன்று துண்டாக அதன் வாழிடம் கிடக்கிறது. ஆந்திரத்தில் ஒரே ஒரு வட்டாரத்தில் நடந்த ஆய்வு, ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015இல் கணக்கிட்டது. பெரும்பாலும் குட்டிகள், தாய்லாந்து, மலேசியா பக்கம் வளர்ப்புப் பிராணியாகப் போகின்றன. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் சாக்ஸில் சுற்றி அடுக்கிய ஆமைகள் பிடிபட்ட செய்தியைப் படிக்காதவர் குறைவு. அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடியபோது இதை முதல் இணைப்புக்கு ஏற்றி, பன்னாட்டு வணிகத்தை அடியோடு தடைசெய்தது. உள்நாட்டில் நான்காம் அட்டவணையில் கிடந்ததை 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் அட்டவணைக்குக் கொண்டுவந்தது. பிடிபட்ட ஆமைகளை எங்கே விடுவது என்பது தனித் தலைவலி. உடுமலைக்கு அப்பால் கேரள எல்லையில் உள்ள சின்னாறு சரணாலயத்தில் அப்படி மீட்ட ஆமைகளைப் பழக்கி விடுகிறார்கள்.

கடத்தல் செய்தியில் வரும். வேலி செய்தியில் வராது. நட்சத்திர ஆமை மழைக்காலத்தில் வெளியே வந்து புல்லும் உதிர்ந்த பழமும் தின்னும். கோடையில் வேலித் தூருக்குள் நுழைந்து அசையாமல் கிடக்கும். பெட்டை முட்டையிட எடுக்கும் பாடு தனி. இறுகிய செம்மண்ணில் பின்னங்காலால் குழி பறிக்க முடியாமல், தன் உடம்பில் சேர்த்துவைத்த நீரைப் பீய்ச்சி மண்ணை நனைத்து நனைத்துப் பறிக்கும். இடுவது நாலைந்து முட்டை. அதுவும் பெட்டை பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் உயிருக்கு வளர்ந்த பெட்டை ஒன்று போனால் ஈடு கட்ட அரைத் தலைமுறை வேண்டும். கிளுவை வேலி ஆட்டைத் தடுக்கும், ஆமையைத் தடுக்காது. தூரிடையில் புகுந்து போய்விடும். இப்போது போடும் கம்பி வேலிக்கு அடியில் சிமென்ட் பட்டை ஊற்றி, அதன் மேல் தரையோடு தரையாக வலையைக் கட்டுகிறார்கள். ஆமை முட்டிப் பார்த்து, திரும்பத் தெரியாமல் கம்பியை ஒட்டியே இங்கும் அங்கும் நடந்து வெயிலில் சோர்ந்துவிடும். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும் என்ற எளிய காரியத்தை யாரும் சொல்வதில்லை.

உடும்பின் கதை வேறு. அதற்கு வேலி தடையில்லை, தாண்டிவிடும். அதற்கு எதிரி அதன் கறி, ரத்தம், தைலம் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகள். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் உடும்புத் தைலம் என்று சந்தையில் விற்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வடக்கே அதன் ஆணுறுப்பைக் காயவைத்து ‘ஹத்தா ஜோடி’ என்று வேர்போலக் காட்டி, செல்வம் வரும் என்று விற்கிறார்கள். மண்ணுளிப் பாம்புக்கும் இதே தலையெழுத்து. வாலும் தலையும் ஒன்றுபோல இருப்பதால் இருதலைப் பாம்பு என்றும், எடை கூடக் கூட லட்சம் கோடி பெறும் என்றும் ஒரு மோசடி ஊர் ஊராகச் சுற்றுகிறது. வாங்குபவனும் ஏமாறுகிறான், விற்பவனும் மாட்டிக்கொள்கிறான், நடுவில் சாக்கில் கிடந்து சாவது பாம்பு. பொதபொத மண்ணுக்குள் புதைந்து எலி பிடித்துத் தின்னும் அந்தச் சாதுவான பிராணியால் காட்டுக்காரருக்கு, அதாவது நிலத்துக்காரருக்கு, ஆகும் நன்மைக்கு யாரும் விலை போடவில்லை.

இனி மேய்ச்சல். மேய்ச்சல் நிலத்து உயிர்களைக் காக்க மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தென் ஆஸ்திரேலியாவில் ஒரு பல்லியின் கதை இதற்கு மாறாகப் பேசுகிறது. குறு நீலநாக்குப் பல்லி என்ற அது 1959க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்துபோனதாக எழுதிவிட்டார்கள். 1992இல் பர்ரா என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒரு பாம்பின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே அந்தப் பல்லி இருந்தது. தேடிப் போனால், செம்மறி மேயும் தனியார் புல்வெளிகளில் சிலந்திகள் தோண்டிய குழிகளுக்குள் அது வாழ்ந்துகொண்டிருந்தது. குழிவாயில் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்து, கடந்துபோகும் வெட்டுக்கிளியைப் பிடிக்கும். அதன் பின் பல ஆண்டு நடந்த ஆய்வுகளின் சாரம் இது: ஏர் பட்டால் சிலந்திக் குழி போகும், பல்லியும் போகும். ஆடு மட்டுமீறி மேய்ந்து தரை மொட்டையானால் இரையும் மறைவும் குறையும். ஆடே மேயாமல் விட்டால் புல் அடர்ந்து, குழிவாயிலிருந்து இரை தெரியாது. நடுத்தரமாக மேய்ந்த நிலமே அதற்கு நல்லது. அந்தப் பல்லி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது ஆட்டுக்காரர்கள் உழாமல் விட்டதால். மெல்போர்னுக்கு மேற்கே 1969க்குப் பிறகு காணாமல்போன புல்வெளி ஓணான் ஒன்றும் 2023இல் ஒரு புல்வெளியில்தான் திரும்பக் கிடைத்தது.

கொரங்காட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, இங்கே சில ஆண்டுக்கு ஒருமுறை ஏரும் ஓடும். ஆனால் ஒரே மழையில் எல்லாத் துண்டையும் யாரும் உழுவதில்லை, வேலியடியில் ஏர் போவதில்லை. மேயவும் ஆறவும் முறை வைத்து விடும் பழக்கமும் நடுத்தர மேய்ச்சலுக்கு நம் ஊர் வழி. குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை ஒரே ஆண்டில் எடுக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி ஆடு விட்டால் அந்த முறை கெடும். ஓராண்டுக் குத்தகையைவிட மூன்று நான்காண்டுக் குத்தகை நிலத்துக்கும் நல்லது, அதில் ஊரும் உயிருக்கும் நல்லது.

அப்படியானால் கொரங்காடு ஏன் குறைகிறது? முதலில் பால் வெளியேறியது. கலப்பின மாடு கட்டுத்தரையில் நின்றுகொண்டே தீவனப் புல்லும் புண்ணாக்கும் தின்று கறக்கிறது. அதற்கு மேய்ச்சல் நிலம் தேவையில்லை. டிராக்டர் வந்த பிறகு உழவு மாடும் தேவையில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு காங்கேயம் மாட்டுக்கு ஊர்ப் பெருமை கூடியது. ஆனால் பெருமைக்காக ஒருவர் வளர்ப்பது ஒன்றிரண்டு, அவற்றுக்கு ஏக்கர் கணக்கில் புல் வேண்டாம். இன்றைக்குக் கொரங்காட்டைத் தாங்குவது ஆடுதான், அதாவது நகரங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கறி. சைவ உணவே இயற்கைக்கு நல்லது என்று பேசும் நண்பர்களுக்கு இது கசக்கும். இந்த மண்ணில் நிலைமை இதுதான்.

அந்த ஆட்டுக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து நாய். வெள்ளகோவில், காங்கேயம், சென்னிமலை, ஊத்துக்குளி வட்டாரங்களில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் ஆடுகளைக் குதறிப்போட்டுப் போவது 2024, 2025ஆம் ஆண்டுகளில் மறியல் நடக்கும் அளவுக்குப் பெரிதானது. கறிக்கடை, கோழிப்பண்ணைக் கழிவை ஒதுக்குப்புறமான காட்டில் கொண்டுவந்து கொட்டுவது அந்தக் கூட்டத்துக்குச் சோறு. நாய் ஆமையையும் உடும்பையும் நேரடியாகவும் கொல்லும். அதைவிடப் பெரிய சேதம் மறைமுகமானது. ராத்திரியெல்லாம் பட்டியில் காவல் கிடக்க முடியாத ஆட்டுக்காரர் ஆட்டை விற்கிறார். குத்தகை கேட்க ஆள் இல்லாத நிலத்தைக் காட்டுக்காரர் சைட்டுக்குக் கொடுக்கிறார். கோழிக் குடலைச் சாலையோரம் வீசியதற்கும் நட்சத்திர ஆமை இல்லாமல் போனதற்கும் இடையே இவ்வளவுதான் தூரம். நாய்ப் பிரச்சினையை விவசாயிகள் பிரச்சினை என்றும் ஆமையைச் சுற்றுச்சூழல்காரர்கள் பிரச்சினை என்றும் தனித்தனிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

சைட்டின் கதை திருப்பூரின் கதை. நகரத்தின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. கம்பெனி ஊத்துக்குளிச் சாலையிலும் செங்கப்பள்ளி நெடுஞ்சாலையிலும் வழிந்து வருகிறது. ஒரு சென்ட் விற்றால் வருவது ஒரு ஏக்கரின் பல ஆண்டு மேய்ச்சல் குத்தகை. விற்பவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. தெற்கே நொய்யலோரத்தில் வேறு வகை நெருக்கடி. சாயக் கழிவால் ஆறும் கிணறும் உப்பேறி, 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயத் தொட்டியாக நின்று, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனதை எல்லோரும் அறிவார்கள். உப்பு நீரில் வெள்ளாமை போனவர்கள் பலர் பூமியை விட்டார்கள்.

தாராபுரம், மூலனூர் பக்கம் இன்னொன்று சேர்ந்திருக்கிறது: காற்றாலையும் சூரிய ஒளிப் பண்ணையும். வெளிநாட்டு வாடிக்கையாளர் பசுமை மின்சாரத்தில் தைத்த பனியனா என்று கேட்கிறார். நாம் ஆம் என்கிறோம். பண்ணை போட்ட இடத்தில் வேலி பிடுங்கிச் சமன் செய்ததை பசுமைச் சான்றுச் சீட்டில் எழுத இடமில்லை. காற்றாலைக்கு அடியில் புல் அப்படியே இருக்கிறதே, அதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்துச் சால்கேவாடி பீடபூமியில் மரியா தாக்கரும் உடனிருந்தவர்களும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. காற்றாலை நிற்கும் பகுதியில் கழுகு, பருந்து வகைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. பயம் விட்டுப்போனதால் அங்கே விசிறித்தொண்டை ஓணான்கள் மூன்று மடங்கு பெருகி, ஆனால் இரைப் போட்டியில் உடல் மெலிந்து, ஆணின் விசிறி நிறமும் மங்கி, ஆள் கிட்டே போனாலும் ஓடாமல் நின்றன. எண்ணிக்கை கூடியதை மட்டும் பார்த்தால் நல்ல செய்தி போலத் தெரியும். இங்கே மயில் பெருகியதும் நரியும் கழுகும் குறைந்ததும் இதே ரகக் கேள்வி. ஓணானையும் பாம்புக் குட்டியையும் மயில் கொத்தித் தின்பதை நம் ஆட்கள் தினமும் பார்க்கிறார்கள். மயிலைக் கட்டுப்படுத்தும் விலங்கு எது மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை.

அரசின் கணக்கேடுகளும் இந்த நிலத்துக்கு உதவவில்லை. புதர்க்காடும் புல்தரையும் தரிசு நில வரைபடங்களில் பாழ்நிலமாகவே குறிக்கப்பட்டு வந்தன. ஆய்வாளர்கள் மதுசூதனும் அபி வனக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த மதிப்பீட்டில், இப்படிப்பட்ட வறண்ட திறந்தவெளி வாழிடங்கள் இந்தியப் பரப்பில் சுமார் 10 சதவீதம்; அதில் சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. பாழ் என்று எழுதிவிட்டால் அங்கே எதைச் செய்தாலும் முன்னேற்றம்தான். மரம் நடுவதும் அதில் சேர்த்தி. திருப்பூரில் 2015 முதல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ லட்சக்கணக்கில் கன்று வைத்திருக்கிறது. சாலையோரத்துக்கும் ஆலை வளாகத்துக்கும் அது வேண்டியதே. புல்லும் வெள்வேலமும் இருக்கும் மேய்ச்சல் தரையில் நெருக்கமாகக் குழி வெட்டி நிழல் மரம் நடுவது மட்டும் வேண்டாம்.

பாம்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. கொரங்காட்டில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கையை நீட்டுபவரிடம் போய் ஊர்வன பாதுகாப்பு என்று பேசினால் அவர் சிரிப்பார். நாடு முழுக்க 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலோர் கிராமத்தில் உழைப்பவர்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. இனி எந்த மருத்துவமனையும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கைக் கொண்டு எங்கே மருந்து தேவை என்று பார்க்கலாம். விஷமுறிவு மருந்துக்கான நஞ்சைத் தருவது 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றபோது பிழைப்பு போன இருளர்களுக்கு, பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்துத் திரும்ப விடும் வேலையை அது கொடுத்தது. பாம்பு உயிரோடு இருந்தால் ஒருவருக்கு வருமானம் என்று ஆக்கிய ஏற்பாடு இந்தியாவில் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஊத்துக்குளிக்கு உடனே வேண்டியவை சின்ன விஷயங்கள்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து, ஆட்டுக்காரர் கையில் டார்ச், காலில் செருப்புக்குப் பதில் பூட்ஸ். புற்றுக்குப் பால் ஊற்றும் காசை அதற்குத் திருப்பினால் பாம்பு கோபித்துக்கொள்ளாது. அது பால் குடிப்பதில்லை.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 36சி பிரிவு, உடையவரே முன்வந்தால் தனியார் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அறிவித்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. மகள் கல்யாணத்துக்கு இந்தக் காட்டைத்தான் நம்பியிருக்கிறேன் என்று சொல்லும் ஒருவர் அதில் கையெழுத்துப் போடமாட்டார். நிரந்தரத்தை விட்டு, பத்தாண்டுக்கு மட்டும் ஒப்பந்தம். கிளுவை வேலியைப் பிடுங்காமல், களைக்கொல்லி அடிக்காமல், சீமைக்கருவேலத்தை வெட்டி, முறை வைத்து ஆடு மேயவிட்டால் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் பணம். இதுதான் நடக்கக்கூடியது என்பது என் கணிப்பு. சொட்டுநீருக்கும் பந்தலுக்கும் மானியம் கொடுக்கும் அரசுக்கு உயிர்வேலிக்குக் கொடுப்பது புதுமையாக இருக்கலாம், கடினமாக இருக்காது. கம்பி வேலிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அடியில் ஒரு சாண் விட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் திட்டத்தில் கிளுவைப் போத்து நடுவதையும், மேய்க்கால் புறம்போக்கில் சீமைக்கருவேலம் எடுப்பதையும் வைக்கலாம். புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பு வட்டாட்சியர் அலுவலகங்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணமும் உண்டு. சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம், திருப்பூரின் சாக்கடையும் சாயமும் வந்து சேர்ந்த குளம்தான். திருப்பூர் இயற்கைக் கழகத்து ஆட்கள் ஆண்டுக்கணக்கில் பறவைகளை எண்ணி எழுதிவைத்து அரசிடம் கொண்டுபோனதில், 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. குளம் அரசு நிலம் என்பது அதற்கு இருந்த வசதி. அதைவிட முக்கியம், அங்கே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது. கொரங்காட்டு ஊர்வனவற்றுக்கு அப்படி ஊர் அளவில் எழுதிவைக்க, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பதிவேடு ஆலமரம், அரசமரம், துளசி என்று ஒரு மூலிகைப் பட்டியலோடு நின்றுபோகிறது. எந்த இட்டேரியில் வேலி முழுசாக இருக்கிறது, எந்தக் கொரங்காட்டில் மழைக்குப் பிறகு ஆமை தென்படும், எந்தக் கரட்டோரத்தில் உடும்பு புற்றில் முட்டையிடும் என்பதை எழுத வேண்டும் என்றால் அதைத் தெரிந்த ஆட்கள் குழுவில் இருக்க வேண்டும். காட்டுக்காரருக்கே இது முழுக்கத் தெரியாது. அவர் பெரும்பாலும் திருப்பூரிலோ கோவையிலோ இருக்கிறார். தெரிந்தவர் அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் காலை முதல் மாலை வரை ஆட்டோடு திரிபவர். அந்தக் குழுவில் ஓர் இடம் ஆட்டுக்காரருக்கு என்று கிராமசபையில் தீர்மானம் போட்டால் போதும், மாவட்ட ஆட்சியரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.